வாத்தியார் பொண்ணு – ஒரு கடிதம்

வணக்கம் அண்ணா,

அப்பா போன மாசம் தவறிட்டார். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துல பஞ்சாயத்து யூனியன் ஸ்கூல் வாத்தியார், 1961-ல சேர்ந்து 1994-ல ரிட்டயர் ஆனவர். பதினாறாம் நாளுக்கு எங்கெங்கிருந்தோ பழைய ஸ்டூடன்ட்ஸ் வந்தாங்க. ஆடு மேய்ச்சிட்டிருந்தவனை சைக்கிள் கேரியர்ல உக்கார வச்சு கூட்டிட்டுப் போனார்னு ஒருத்தர் அழறார், எட்டாங்கிளாஸ் பரீட்சை ஃபீஸ் கட்டினார்னு இன்னொருத்தர். எங்களுக்குத் தெரிஞ்ச அப்பா பேசவே மாட்டார், தீபாவளித் துணி பொங்கலுக்குத்தான் வரும். நானும் அவர் கிளாஸ்தான், சார்னுதான் கூப்பிடணும், யார் சேட்டை பண்ணாலும் முதல் அடி எனக்கு. இப்ப நினைவு மலர் போடறோம். நல்லதை மட்டும் எழுதுன்னு அண்ணன் சொல்றான். அம்மாவும் எதுவும் சொல்லமாட்டேங்கறாங்க. எனக்கு எழுதவே வரலை.

ச.

அன்புள்ள தங்கச்சிக்கு,

அந்த முதல் அடியிலேர்ந்தே ஆரம்பிங்க. ரெண்டு வாத்தியார் இருக்கற ஸ்கூல்ல சொந்தப் பொண்ணை முன்னாடி உக்கார வச்சுக்கிட்டு பாடம் நடத்தற ஆளை ஊரே பாத்துக்கிட்டிருக்கும், தன் பிள்ளைக்கு ஒரு நியாயம்னு பேச்சு வந்துடக் கூடாதுன்னு உங்களை அடிச்சிருப்பார், அதுக்காக அது சரின்னு நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கு வலிச்சது வலிச்சதுதான், அதையும் எழுதுங்க. நினைவு மலர்னு எனக்கு வர்றதெல்லாம் ஒரே அச்சு. கல்விக்கண் திறந்த வள்ளல்னு ஒரு கவிதை, அப்புறம் பேரப்பிள்ளைங்க எந்த நாட்டுல வேலைல இருக்காங்கன்னு ஒரு லிஸ்ட். கடைசி வரைக்கும் அந்த மனுஷன் யாருன்னே தெரியாது.

பரீட்சை ஃபீஸ் கதையும் தீபாவளித் துணிக் கதையும் தனித்தனி இல்லம்மா. 1981 ஜூன்லதான் யூனியன் வாத்தியாருங்க அரசு ஊழியர் ஆனாங்க, அதுக்கு முன்னாடி அவங்க வாங்கின சம்பளத்துல ஊரான் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டினா அது வீட்ல எங்கயோ குறைஞ்சுதான் ஆகணும். ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதுங்க. ஃபீஸ் கட்டினவர் பேரு ஊருக்குத் தெரியும், அதுக்காக எந்த நகை அடகுக்குப் போச்சுன்னு அம்மாவுக்குத்தான் தெரியும். சாப்பாடும் அப்படித்தான். காமராஜர் 1956-ல கொண்டாந்த மதிய உணவுல ஊர்க்காரங்க பங்கும் உண்டு, அதை வசூல் பண்றது, கணக்கு எழுதறதுன்னு நிறைய ஊர்ல வாத்தியார் தலையிலதான் விழுந்துச்சு. 1982 ஜூலைல எம்ஜிஆர் சத்துணவு வந்து அமைப்பாளர், ஆயான்னு தனி ஆள் போட்டாங்க. அதுக்கு முன்னாடி அரிசி பத்தாத அன்னிக்கு உங்க வீட்டுப் பானையிலேர்ந்து போச்சான்னு கேளுங்க. 'அப்பா எப்படிப்பட்டவர்'னு கேட்டா அம்மா வாயே திறக்க மாட்டாங்க, அரிசி, நகை, கடன்னு கேட்டா பேசுவாங்க.

இன்னொண்ணு, அவர் வேலை பாத்த ஸ்கூல்ல சேர்க்கை ரெஜிஸ்டர் இருக்கும், அதைத் தூக்கிப் போடக் கூடாதுன்னு விதி. அந்தக் காலத்துல பாதிப் பேருக்கு பொறந்த தேதி தெரியாது. கையைத் தலைக்கு மேல சுத்தி எதிர்க் காதைத் தொடச் சொல்லுவாங்க, தொட்டுட்டா அஞ்சு வயசு, ஜூன்ல ஸ்கூல் திறக்கறப்ப வயசு நிறையற மாதிரி மே மாசமோ ஜூன் மாசமோ ஒரு தேதி வாத்தியாரே போட்டுக்குவார். கூப்பிடற பேரு பட்டப்பேரு மாதிரி இருந்தா பேரும் அவரே வச்சதுண்டு. இன்னிக்கு அந்த ஊர்ப் பெரியவங்க ஆதார்ல இருக்கற பேரும் தேதியும் நிறைய உங்கப்பா உக்காந்து யோசிச்சு எழுதினதா இருக்கும். இதை விட அவரைப் பத்தி வேற என்ன பெருசா எழுதிட முடியும் சொல்லுங்க. உங்க பேரும் அதுல இருக்கும், உங்களுக்காவது நிஜத் தேதி போட்டாரா, இல்ல நீங்களும் ஜூன்தானான்னு பாருங்க.

அதே ரெஜிஸ்டர்ல பாதியில நின்ன பிள்ளைங்க கணக்கும் இருக்கும். சைக்கிள்ல கூட்டிட்டு வந்தவர் பதினாறாம் நாளுக்கு வந்தார், சரி, எத்தனை தடவை வீடு தேடிப் போயும் வராம நின்னுட்ட பொண்ணுங்க ஊர்லயே எங்கயாவது பாட்டியா உக்காந்திருப்பாங்க, அவங்கள்ல ஒருத்தரையாவது பாத்துப் பேசுங்க. உங்க மலர்ல வேற யாரும் அதை எழுத மாட்டாங்க.

வீட்ல அவரோட எஸ்.ஆர் புக், அதான் வேலை விவரமெல்லாம் ஏத்தற சர்வீஸ் ரெஜிஸ்டர், நகல் இருந்தா அதையும் எடுங்க, ட்ரான்ஸ்ஃபர், மெடிக்கல் லீவு, சம்பளமில்லா லீவு எல்லாம் தேதியோட ஏறியிருக்கும், அவர் பேசாம இருந்த வருஷங்கள்ல என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் புரியலாம்.

அண்ணன்கிட்ட சண்டை வேண்டாம், அவர் பக்கத்தை அவர் எழுதட்டும், உங்க பக்கத்துல அவர் கை வைக்கக் கூடாதுன்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க. மலர் ரெண்டு மாசம் தள்ளிப் போனா ஒண்ணும் ஆகாது. முதல்ல அம்மா, அப்புறம் ஸ்கூல், கோடை லீவு விடறதுக்குள்ள எச்.எம்மைப் போய்ப் பாருங்க. ரெஜிஸ்டரை வெளிய எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க, அங்கேயே உக்காந்து பாக்கணும்னு கேளுங்க, இன்னார் பொண்ணுன்னு சொன்னா பெரும்பாலும் காட்டுவாங்க.