அந்த சைகஸ் தொட்டியை இன்றே எடுத்துவிடுங்கள்

கேள்வி: எங்கள் லாப்ரடார் குட்டிக்கு ஐந்து மாதம். நேற்று மணி பிளான்ட் இலையைக் கடித்துவிட்டு, எச்சில் ஒழுக முன்னங்காலால் வாயைப் பிராண்டிக்கொண்டே இருந்தது. இரவுக்குள் சரியாகிவிட்டது. கற்றாழை, ஸ்நேக் பிளான்ட், அரிக்கா பாம், கூடத்தில் ஒரு சைகஸ் என்று வீடு முழுக்கச் செடிகள். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: எல்லாவற்றையும் வேண்டாம். சைகஸை மட்டும் நாளைக்கென்று தள்ளிப்போடாதீர்கள்.

மணி பிளான்ட் இலைக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத ஊசிக் கட்டுகளாக இருக்கும். கடித்ததும் நாக்கிலும் ஈறிலும் குத்திவிடும். உங்கள் குட்டி தவித்தது அதனால்தான். வலி உடனே தெரிவதால் நாய்கள் பெரும்பாலும் அதை நிறையத் தின்பதில்லை. டிஃபன்பேக்கியா, பீஸ் லில்லியும் இதே ரகம். வாயைக் கழுவிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் வையுங்கள். நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ மருத்துவரிடம் ஓடுங்கள்.

சைகஸ் இப்படி வாயிலேயே எச்சரிக்காது. இலை, வேர், விதை எல்லாமே நஞ்சு. அதிலும் விதை மிகக் கொடியது; ஒன்றிரண்டே ஒரு நாயின் உயிரைப் பறித்துவிடும். அதிலுள்ள ‘சைகசின்’ என்ற நச்சுப்பொருள் கல்லீரலைச் சிதைக்கும். முதலில் வாந்தி வரும். அது நின்றதும் தேறிவிட்டது என்று நம்பிவிடுவோம். அப்படி நம்பியவர்கள் மூன்றாம் நாள் என்னிடம் தூக்கி வந்த நாயின் உதட்டை விலக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு மஞ்சள் பூத்திருந்தது. காப்பாற்ற முடியவில்லை. வாந்தி எடுத்த அன்றே வந்திருந்தால் என்று இன்னும் மனம் அடித்துக்கொள்கிறது.

சேகோ பாம் என்று பெயரிட்டு விற்பதால் இதையும் அரிக்கா பாமையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். அரிக்காவின் இலை தொட்டால் வளையும். அது நாய்க்கு நஞ்சல்ல. சைகஸின் இலை விறைப்பாக, நுனி கையைக் குத்தும்.

கற்றாழையும் ஸ்நேக் பிளான்ட்டும் வாந்தி, பேதியைத் தரும். எட்டாத உயரத்தில் வையுங்கள். மணி பிளான்ட்டின் தொங்கும் நுனிகளை நறுக்கிவிடுங்கள். பல் மாறும் வயது, கண்டதையும் கடிக்கத்தான் செய்யும். மெல்லுவதற்கு ஒரு ரப்பர் பொம்மை கொடுங்கள். தோட்டத்தில் அரளி இருந்தால் அங்கே குட்டியை அவிழ்த்துவிடவே வேண்டாம். அது இதயத்துடிப்பையே குலைத்துவிடும்.

எதைத் தின்றாலும் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள், அந்த உப்பே நஞ்சாகும். கடித்த செடியில் ஒரு துண்டைக் கவரில் போட்டு, தின்ற நேரத்தையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

சைகஸை எடுத்தபின் தொட்டி இருந்த இடத்தில் மண்டியிட்டுப் பாருங்கள். சோபாவுக்கு அடியில் உருண்ட ஒரு விதைகூட மிஞ்சக் கூடாது.