படகு இன்ஜின் ஐடிலில் ஒழுங்காக ஓடுகிறது, வேகம் கொடுத்தால் சூடேறுகிறது. இம்பெல்லரும் தெர்மோஸ்டாட்டும் மாற்றியாயிற்று. வேறு என்ன பார்க்க வேண்டும்?

கழற்றிய பழைய இம்பெல்லரை (கடல் தண்ணீர்ப் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம்) எறிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் எடுத்து, அதன் ரப்பர் இதழ்களை எண்ணிப் பாருங்கள். புதியதில் இருப்பதைவிடக் குறைகிறதா?

நான் தூத்துக்குடிக்காரன். மும்பை பாவுச்சா தக்கா படகுத்துறையில் லாஞ்ச், மீன்பிடிப் படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். போன வருடம் ஒரு லாஞ்ச் இதே வியாதியோடு வந்தது. அதன் தாண்டேல் (படகுத் தலைவர்; எங்கள் ஊர்த் தோணியில் தண்டல் என்போம், ஆள் ஒன்றுதான்) இம்பெல்லர், தெர்மோஸ்டாட், கடைசியில் சென்சார்கூட மாற்றிவிட்டார். வேகம் எடுத்த பத்தாவது நிமிடம் சூடு காட்டும் முள் 95 டிகிரியைத் தொட்டது.

குளோஸ்டு கூலிங்கில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். கடல் தண்ணீர் அடி வால்வு, ஸ்ட்ரெயினர், இம்பெல்லர் பம்பு வழியாக ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு வந்து, கூலன்டின் சூட்டை வாங்கிக்கொண்டு புகையோடு வெளியே கொட்டும். எந்தத் தண்ணீர் மக்கர் பண்ணுகிறது என்று பார்க்காமல் சாமான் வாங்கிப் போட்டால் காசுதான் கரையும். ஐடிலில் சூடு கம்மி, பாதி அடைத்த வழியே போதும். லோடு ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் என் சந்தேகம் முதலில் கடல் தண்ணீர்ப் பக்கம்தான்.

அந்த லாஞ்சில் எக்ஸ்சேஞ்சரின் பக்க மூடியைக் கழற்றினேன். உள்ளே நுழையும் வாயில் இரண்டு கருப்பு ரப்பர் துண்டுகள் குறுக்கே கிடந்தன. பழைய இம்பெல்லரின் இதழ்கள்! அவற்றைச் சுற்றி இந்தத் துறைமுகத்துச் சேறு களிம்பு மாதிரி அப்பி, பாதிக் குழாய்களுக்கு மேல் வாய் மூடிக் கிடந்தது. குழாய்களைக் கம்பியால் குத்தாதீர்கள், ஓட்டையாகிவிடும். மெல்லிய மூங்கில் குச்சியே போதும். கியர் ஆயில் கூலர் எக்ஸ்சேஞ்சருக்கு முன்னால் இருந்தால் அதையும் திறங்கள், துண்டு அங்கேயே சிக்கியிருக்கலாம்.

திறக்குமுன் ஒரு சோதனை. இன்ஜின் சூடேறியிருக்கும்போது, லேசர் தெர்மாமீட்டரால் எக்ஸ்சேஞ்சருக்குள் கடல் தண்ணீர் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் அளந்து பாருங்கள். வெளியேறுவது மிக அதிகமாகச் சுட்டால் தண்ணீர் போதிய அளவு வரவில்லை: ஸ்ட்ரெயினர், உறிஞ்சும் ஹோஸ் (பழைய ஹோஸ் வேகத்தில் உள்ளே சப்பிப்போகும்), அடைப்பு. தண்ணீர் தாராளமாகக் கொட்டியும் வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் குழாய்க்குள் உப்புப் படிந்திருக்கிறது, அல்லது கூலன்ட் சரியாகச் சுற்றவில்லை. தண்ணீரும் புகையும் கலக்கும் எல்போ உள்ளே துருவும் உப்பும் பிடித்துச் சுருங்கிப்போவதும் உண்டு. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

கூலன்ட் பக்கம் என்றால் பெல்ட், பிரஷர் மூடி, கூலன்ட் மாற்றியபோது புகுந்த காற்று. இன்ஜின் ஓடும்போது டாங்கில் குமிழி நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். மூடியைச் சூட்டில் திறந்துவிடாதீர்கள், என் முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

மாட்டும்போது ஓ-ரிங் புதிதாகப் போடுங்கள். அப்புறம், ஜெட்டியில் கட்டிப்போட்டு நியூட்ரலில் முறுக்கிப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று நம்பாதீர்கள். லோடோடு அரை மணி நேரம் கடலில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.