ஆர்.எஸ்.புரம் விடுதி: விடியற்காலையில் அறை கிடைக்குமா?

வயதான பெற்றோருடன் நீலகிரி எக்ஸ்பிரஸ் ரயிலில் விடியற்காலை கோவை வந்து இறங்கினால், ஆர்.எஸ்.புரம் விடுதியில் உடனே அறை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்க வாய்ப்புண்டு. முன்பதிவுத் தளத்தில் ‘பகல் 12 மணிக்கு அறை’ என்றிருப்பதை மட்டும் நம்பாமல், இன்றே விடுதிக்குப் போன் செய்யுங்கள்.

அது தளத்தின் பொதுவான வரியாக இருக்கலாம். கோவையின் பழைய விடுதிகள் சிலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு: காலை 5 மணிக்கு நுழைந்தால் மறுநாள் 5 மணி வரை ஒரு நாள். “12 மணிக் கணக்கா, 24 மணிக் கணக்கா?” என்று நேராகக் கேளுங்கள். 24 என்றால், நீலகிரி எக்ஸ்பிரஸில் வருவதாகச் சொல்லி, வாட்ஸ்அப்பில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். பகலில் பேசியது இரவுப் பணியாளருக்குத் தெரியாமல் போகும். கதவைத் திறப்பவரோ அவர்தான். வயதான பெற்றோரைப் படியில் நிற்க வைக்கக் கூடாது.

ஆனால் இந்தக் கணக்கில் கிளம்பும் நாளிலும் காலை 5 மணிதான் கெடு. மாலை வரை இருந்தால் கூடுதல் வாடகை கேட்பார்கள். முகூர்த்த நாளென்றால் விடியற்காலையில் அறை காலியாக இல்லாமல் போகலாம்; முந்தைய இரவையும் சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள்.