செங்கல் அடாப்டரும் உருகிய பெல்ட்டும்: பழைய கம்ப்யூட்டர் கேள்வி-பதில்

கே: பரணிலிருந்து கமடோர் 64 இறக்கினேன். அடாப்டரும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா? (வியாசர்பாடி)

ப: அந்த அடாப்டரோடு வேண்டாம். 1982-ல் வந்த இந்தக் கம்ப்யூட்டரின் அடாப்டர் இரண்டு விதமாக மின்சாரம் தரும்: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. 5 வோல்ட்டைக் காக்கும் ரெகுலேட்டரைப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். செங்கல் மாதிரி கனப்பது அதனால்தான். உள்ளே சூடு தங்கித் தங்கி ரெகுலேட்டர் கெடும். கெட்டால் பெரும்பாலும் வோல்டேஜ் இறங்குவதில்லை, ஏறும். முதலில் போவது மெமரி சிப்கள்.

கம்ப்யூட்டரில் சொருகாமலே பிளக்கில் 5-ம் பின்னுக்கும் 2-ம் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 5.2-க்கு மேல் காட்டினால் அத்தோடு அதை ஓரம் கட்டுங்கள். சரியாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். சுமை ஏறினால்தான் குணம் தெரியும். 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அதே இரண்டு பின்னில் கட்டினால் ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். ரெசிஸ்டர் கையைச் சுடும், பீங்கான் தட்டில் வைத்து 20 நிமிடம் விடுங்கள். 4.8-க்கும் 5.2-க்கும் நடுவிலேயே நின்றால் இன்றைக்குத் தேறியது. நாளைக்குத் தேறுமா என்பது வேறு கதை, அதனால் புதிதாகக் கட்டிக்கொள்வதே எங்கள் யோசனை.

5 வோல்ட், 2 ஆம்பியருக்குக் குறையாத நல்ல எஸ்எம்பிஎஸ் (டிசி தரும் பவர் சப்ளை) ஒன்று, 9 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் ஒன்று. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் டிரான்ஸ்பார்மரை 9-0-9 என்று கொடுப்பார்கள். நடு வயரும் ஏதாவது ஒரு கடைசி வயரும் மட்டும் எடுங்கள். இரண்டு கடைசியையும் எடுத்தால் 18 வோல்ட். அந்த 9 வோல்ட் ஏசி 6, 7-ம் பின்களுக்குப் போகும். அதன் எந்த முனையையும் 5 வோல்ட்டின் கிரவுண்டோடு சேர்க்காதீர்கள். 230 வோல்ட் பக்கம் ஃபியூஸ் கட்டாயம், டப்பாவுக்கு மூடியும் கட்டாயம்.

கே: ஜாய்ஸ்டிக்கில் இடது பக்கம் மட்டும் வேலை செய்யவில்லை. (காசிமேடு)

ப: முதலில் இன்னொரு போர்ட்டில் மாற்றிச் சொருகுங்கள். அங்கே இடது வேலை செய்தால் கோளாறு கம்ப்யூட்டரில். இரண்டிலும் இல்லையென்றால் ஜாய்ஸ்டிக்கில். ஒன்பது பின் பிளக்கில் 1 மேல், 2 கீழ், 3 இடது, 4 வலது, 6 பட்டன், 8 கிரவுண்ட். மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து 3-க்கும் 8-க்கும் பிடித்துக்கொண்டு குச்சியை இடப்பக்கம் தள்ளுங்கள். சத்தம் வராவிட்டால் வயர் டப்பாவை விட்டு வெளியே வரும் இடத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். விட்டுவிட்டுக் கத்தினால் வயர் அங்கேதான் உள்ளே அறுந்திருக்கிறது. அந்த 5 செ.மீ-யை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சால்டர் செய்யுங்கள். நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பிரிப்பதற்கு முன் போட்டோ எடுங்கள்.

ஆட்டியும் சத்தமே இல்லையென்றால் டப்பாவைத் திறங்கள். கடல் காற்று படும் வீடுகளில் உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட இயர்பட்ஸ் போதும். உப்புத்தாளால் தேய்த்தால் மேல்பூச்சு போய் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி பூக்கும்.

பிளக் பொருந்துகிறதே என்று செகா மெகா டிரைவ் பேடைக் கமடோரில் சொருகாதீர்கள். அதற்கு 5 வோல்ட் போக வேண்டிய இடம் 5-ம் பின், கமடோரில் 5 வோல்ட் இருப்பது 7-ல். ஜாய்ஸ்டிக்கையும் கீபோர்டையும் கவனிக்கும் சிஐஏ சிப்புக்கே ஆபத்து.

கே: கமடோரின் கேசட் பெட்டியான டேட்டாசெட்டைத் திறந்தால் பெல்ட்டைக் காணோம், தார் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. (பெரம்பூர்)

ப: அந்தத் தார்தான் பெல்ட். பழைய ரப்பர் நம்மூர் வெயிலுக்கு இளகி இப்படி ஆகிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரலில் பட்டால் இரண்டு நாள் போகாது. பல்குத்தும் குச்சியால் பெரிய கட்டிகளைச் சுரண்டிவிட்டு, 99% ஐசோப்ரோப்பைலில் நனைத்த இயர்பட்ஸால் சக்கரங்களின் பள்ளத்தைத் துடையுங்கள். பஞ்சு கறுக்காமல் வரும்வரை துடைக்க வேண்டும். மிச்சம் இருந்தால் புது பெல்ட் அந்த இடத்தில் எகிறும். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடாது, பிளாஸ்டிக் கரையும்.

அளவுக்கு, பெல்ட் ஓடும் வழியில் நூலைச் சுற்றி நீளம் எடுங்கள். அதைவிட 5 முதல் 8 சதவீதம் குறைவான பெல்ட் சரி. 200 மி.மீ. வந்தால் 184-க்கும் 190-க்கும் நடுவே. இன்னும் இறுக்கமாகப் போட்டால் மோட்டார் புஷ் தேயும். டேப் ரெக்கார்டர் மெக்கானிக்கிடம் பெல்ட் கட்டு இருக்கும், நூலை எடுத்துப் போங்கள். டேப் எவ்வளவு ஓடியது என்று காட்டும் கவுன்டருக்குத் தனியாக ஒரு சின்ன பெல்ட் உண்டு, அதையும் சேர்த்து அளந்துவிடுங்கள். ரப்பர் பேண்ட் போட்டு ஒப்பேற்றாதீர்கள்: வேகம் ஏறி இறங்கும், பாட்டு கேட்க அது பரவாயில்லை, புரோகிராம் லோடாகாது.

பெல்ட் போட்டும் லோடாகாவிட்டால், டேப்பைப் படிக்கும் ஹெட் பக்கத்தில் அதன் சாய்வைச் சரிசெய்யும் ஸ்பிரிங் வைத்த ஸ்குரூ இருக்கும். இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துவிட்டு, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பி லோட் செய்யுங்கள். காந்தம் ஏறிய ஸ்குரூ டிரைவர் அந்தப் பக்கமே வரக்கூடாது.

கே: சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு 9 வோல்ட் அடாப்டர் எது வாங்கினாலும் சரியா? (தண்டையார்பேட்டை)

ப: இல்லை. கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் நடுப் பின் பாசிட்டிவ். ஸ்பெக்ட்ரமுக்கு நடுவில் நெகட்டிவ் வேண்டும். பிளக்கை வெட்டி வயரை மாற்றிக்கொள்ளுங்கள், 1.4 ஆம்பியருக்குக் குறையக்கூடாது. ஒரிஜினல் அடாப்டர் சுமையில்லாமல் 9-ஐவிட நிறையக் காட்டினால் பயப்பட வேண்டாம், அதில் ரெகுலேட்டர் கிடையாது.

கே: பள்ளிக்கூட ஏலத்தில் எடுத்த பிபிசி மைக்ரோ, போட்ட பத்தாவது நிமிடம் புகை. (திருவொற்றியூர்)

ப: பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க மத்திய அரசு 1984-ல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்தவை இவை. புகைவது பெரும்பாலும் பவர் சப்ளையில் மெயின்ஸ் நுழையும் இடத்தில் இருக்கும் 0.1, 0.01 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர்கள். மேலுறை விரிசல் விட்டு ஈரம் குடித்திருக்கும். நாற்றம் பயங்கரம், சேதம் அநேகமாக அவ்வளவுதான். இரண்டையும் மாற்றுங்கள். புதியதில் எக்ஸ்2 (மெயின்ஸில் நேரடியாகப் போடத் தகுந்த ரகம்) என்றும் 275 வோல்ட் ஏசி என்றும் அச்சிட்டிருக்க வேண்டும்; 400 வோல்ட் டிசி சாதாரண கப்பாசிட்டர் அந்த இடத்துக்கு ஆகாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். மீட்டரால் அளந்து பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

கே: 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய்த் தண்ணீரில் ஊறிய 5¼ அங்குல ஃபிளாப்பிகள். தேறுமா? (எர்ணாவூர்)

ப: சில தேறும். முதலில், அவற்றை அப்படியே டிரைவில் போடாதீர்கள். ஹெட் பாழாகி, அடுத்து போடும் நல்ல ஃபிளாப்பியையும் கீறும். உறையின் மேல் ஓரத்தை 2 மி.மீ. கத்தரித்து உள்ளே இருக்கும் தட்டை நடு ஓட்டையில் பிடித்து உருவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், விரல் நுனியால் லேசாக. பிறகு டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, ஃபேன் காற்றில் நிறுத்தி உலர்த்துங்கள், வெயில் வேண்டாம். மண்ணெண்ணெய் பக்கமே போகக்கூடாது. துடைக்கும் துணியில் பழுப்பு நிறம் வந்தால் காந்தப் பூச்சே கழன்று வருகிறது, அந்த ஃபிளாப்பியை விட்டுவிடுங்கள்.

உலர்ந்த தட்டை ஒரு புது ஃபிளாப்பியின் உறைக்குள் வைத்து ஒரே முறை ஓட்டி நகல் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஹெட்டை ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், பத்து ஃபிளாப்பி என்றால் பத்து முறை.