வெப்பநிலை பாடம், புள்ளி மட்டும் வருதில்லை

தம்பி, கிளிநொச்சியில உயர்தரத்துக்குப் படிக்கிறன், உணவு பதப்படுத்தல் வெப்பநிலையெல்லாம் பாடம், அமைப்புக் கட்டுரையில புள்ளி விழுதில்லை எண்டு கேட்டிருந்தீங்கள். இலக்கத்துக்கு முதல், அந்த முறை எதை அழிக்குது எண்டு எழுதிப் பழகுங்கோ.

வெளிற்றல், அதாவது மரக்கறியைக் கொதிநீரில கொஞ்ச நேரம் போட்டெடுக்கிறது, நொதியங்களை அழிக்க. வெளிற்றினது போதுமோ எண்டு பெரொட்சிடேசு சோதனையால, அதாவது அந்த நொதியம் மிஞ்சியிருக்கோ எண்டு பாக்கலாம். உடனே குளிர்நீரில போடாட்டி மரக்கறி குழைஞ்சு போகும்.

பாச்சராக்கம் நோயாக்கிக் கிருமிகளை அழிக்க: பால் 63 பாகை செல்சியசில 30 நிமிடம், இல்லாட்டி 72 பாகையில 15 செக்கன். பக்ரீரியாவின்ர வெப்பம் தாங்குற வித்திகள் தப்பும், அதாலதான் அந்தப் பாலைக் குளிரில வைக்கிறது.

கனபேர் சறுக்கிற இடம் தகரத்திலடைத்தல். முல்லைத்தீவு மீனை அடைச்சால் 121 பாகை வேணும். அன்னாசிக்குக் கொதிநீரே போதும். காரணம் பி.எச். பெறுமானம், அதாவது அமிலத்தன்மையின்ர அளவு; புளிப்புக் கூடினால் அது குறையும். 4.6க்கு மேல, காற்றில்லாத தகரத்துக்குள்ள குளொஸ்திரிடியம் பொற்றுலினம் எண்ட பக்ரீரியாவின்ர வித்தி முளைச்சு நஞ்சு சுரக்கும். அன்னாசி அதுக்குக் கீழ. இந்த ஒரு வரி இல்லாட்டி 121 எண்டது வெறும் இலக்கம்தான்.

ஜாமும் அப்பிடித்தான்: 105 பாகை எண்டால் சீனிச்செறிவு ஏறக்குறைய 65 சதவீதம் வந்திட்டுது எண்டு அர்த்தம். நல்லாப் பழுத்த பழத்தில ஜாமை இறுக்கிற பெக்ரின் குறைவு, இறுகாது. கொஞ்சம் செங்காயும் தேசிப்புளியும் சேர்க்கவேணும்.

நாளைக்கு ஒரு முறையை எடுத்து, புத்தகத்தை மூடிவைச்சு, இலக்கு, வெப்பநிலை, நேரம், பிழைச்சால் என்ன நடக்கும் எண்டு நாலு வரி எழுதிப் பாருங்கோ.