கஞ்சாப் பொட்டலத்தில் ஈயமா? ஸ்கேனில் தெரியாத வயிற்றுவலிக்கு எந்த டெஸ்ட் எடுப்பது

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். இரண்டு மாதமாகத் தொப்புளைச் சுற்றி முறுக்கி முறுக்கி வலிக்கிறது. நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறான். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் நார்மல். ஹீமோகுளோபின் மட்டும் 9. சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. ஒரு வருஷமாகக் கஞ்சா அடிப்பதாகப் போன வாரம் என்னிடம் மட்டும் சொன்னான். எடை கூட்ட பொட்டலத்தில் ஈயத்தூள் கலப்பார்கள் என்று கூட்டாளி சொன்னானாம். அப்படியும் நடக்குமா? எங்கே போய் என்ன டெஸ்ட் எடுக்க? போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என் 3 வயது மகளும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். — ஒரு அக்கா, அம்பாசமுத்திரம்

பதில்: நடக்கும், நடந்தும் இருக்கிறது. 2007-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உங்கள் தம்பியைப் போலவே வயிறு முறுக்கி, ரத்தம் குறைந்து, சோர்ந்துபோன இளைஞர்கள் அடுத்தடுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அப்படி 29 பேரின் விவரம் மறு ஆண்டு மருத்துவ இதழில் வெளியானது. அவர்களுக்குள் பொதுவாக இருந்தது கஞ்சா. ஒருவரிடம் மிச்சமிருந்த பொட்டலத்தில் ஈயத் துணுக்குகளே கிடந்தன.

ஈயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பை நினைக்க வேண்டாம். அது வெள்ளீயம். இங்கே பேசுவது காரீயம். உவரி, இடிந்தகரைப் பக்கம் வலையின் அடியில் குண்டாகக் கட்டுவார்களே, அது. தண்ணீரைப் போல 11 மடங்கு கனம் என்பதால் ஒரு சிட்டிகை போட்டாலே தராசு இறங்கும். 327 டிகிரியில் உருகிவிடும். பீடிக் கங்கின் சூடு அதைவிட மிக அதிகம். ஆவியாக நெஞ்சுக்குள் போகும் ஈயத்தை, விழுங்கிய ஈயத்தைவிடப் பல மடங்கு கூடுதலாக உடம்பு உறிஞ்சிக்கொள்ளும்.

ஸ்கேனில் தெரியாததற்குக் காரணம் உண்டு. கல், வீக்கம், அடைப்பு இருந்தால் ஸ்கேன் காட்டும். ஈயம் குடலின் தசையையும் நரம்பையும் குழப்புகிறதே தவிர, படத்தில் காண ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. அப்பெண்டிக்ஸ் என்று நினைத்து ஆபரேஷன் வரை போனவர்களும் உண்டு. ரத்தத்தில் ஹீமோகுளோபினைக் கட்டும் நொதிகளையும் ஈயம் முடக்கிவிடும். அதனால் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் அளவு ஏறாது, மலச்சிக்கல்தான் கூடும்.

வீட்டிலேயே இரண்டைப் பாருங்கள். கீழ்வரிசை முன்பற்களின் ஈறை டார்ச் அடித்துப் பாருங்கள்; பல்லை ஒட்டிய ஓரத்தில் பேனா மையில் புள்ளி வைத்ததுபோல நீலக்கறுப்புக் கோடு ஓடுகிறதா? அடுத்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பஸ்ஸை நிறுத்தச் சொல்வதுபோல உள்ளங்கையை நிமிர்த்தச் சொல்லுங்கள். மணிக்கட்டு தொய்ந்து விழுந்தால் நரம்பில் ஈயம் ஏறியிருக்கலாம். இரண்டும் இல்லை என்பதால் ஈயம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

முடிவைச் சொல்வது 'பிளட் லெட்' என்ற ரத்தப் பரிசோதனை ஒன்றுதான். வழக்கமான 'ஃபுல் பாடி செக்கப்'பில் இது பெரும்பாலும் இருக்காது, பேர் சொல்லிக் கேட்க வேண்டும். சின்ன லேப்களில் செய்ய மாட்டார்கள். பெரிய லேப்களின் கலெக்ஷன் சென்டரில் எடுத்து வெளியூருக்கு அனுப்புவார்கள், ரிசல்ட் வரச் சில நாள் ஆகும். கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு ரத்தக்குழாயில் ஊசி போட்டு எடுக்க வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய பட்டறைத் தூசியே அளவைக் கூட்டிக் காட்டும். சீரம் பிரிக்கக் கூடாது, முழு ரத்தமாகவே போக வேண்டும், ஏனென்றால் ஈயம் சிவப்பணுக்களில்தான் உட்கார்ந்திருக்கும். தலைமுடி டெஸ்ட், மருந்து கொடுத்துவிட்டு எடுக்கும் சிறுநீர் டெஸ்ட் இரண்டுக்கும் காசு கொடுக்காதீர்கள். அவற்றை வைத்துச் சிகிச்சை முடிவு செய்ய முடியாது.

ரிசல்ட்டில் முதலில் அலகைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு (அதாவது 100 மில்லிக்கு) 50 மைக்ரோகிராம் என்பதும் லிட்டருக்கு 500 என்பதும் ஒன்றே. இதைக் கவனிக்காமல் வீணாகப் பதறுகிறவர்களும் உண்டு, அசட்டையாக விடுகிறவர்களும் உண்டு. டெசிலிட்டருக்கு 5 வந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். பெரியவர்களுக்கு 100-ஐத் தொட்டால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து உடனே தேவை. அதற்குக் கீழே அளவையும் தொந்தரவையும் சேர்த்துப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் பொது மருத்துவ ஓ.பி.க்குக் கூட்டிப் போங்கள். கஞ்சா விஷயத்தை மறைக்காதீர்கள்; சொல்லாவிட்டால் ஈயம் என்ற நினைப்பே டாக்டருக்கு வராது. பட்டறையில் பித்தளை கடைகிறானா, பேட்டரி, சால்டரிங் வேலை உண்டா, பற்பம், செந்தூரம் ஏதாவது சாப்பிடுகிறானா என்பதையும் சொல்லுங்கள். லேத்தில் சுலபமாகக் கடையும் பித்தளையில் காரீயம் 2, 3 சதவீதம் இருக்கும். கஞ்சாமேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் பட்டறைத் தூசியை விட்டுவிட்டால் அளவு இறங்காது. இன்னொன்று: வலியைவிட வாந்தி அதிகமாக இருந்து, வெந்நீரில் குளித்தால் சுகமாக இருக்கிறது என்றால் அது கஞ்சாவே உண்டாக்கும் வேறொரு கோளாறு. அதையும் டாக்டர் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஓயாத தலைவலியோடு வாந்தி, பேச்சில் குழப்பம், வலிப்பு — இதில் எது வந்தாலும் ஓ.பி.க்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஈயம் மூளைக்கு ஏறிய அறிகுறி அது.

ஈயத்தை வெளியேற்றும் மருந்துகளில் சக்சிமர், டி-பெனிசிலமைன் மாத்திரையாகவும், கால்சியம் டைசோடியம் எடிடிஏ ஊசியாகவும் வரும். ஊசியின் பேரில் 'கால்சியம்' இருக்கிறதா என்று கேட்டே தீருங்கள். வெறும் டைசோடியம் எடிடிஏ ரத்தத்தின் கால்சியத்தை இறக்கி உயிரையே எடுத்துவிடும். கஞ்சாவை நிறுத்தாமல் மருந்து சாப்பிடுவதும் வீண். நிறுத்தியவருக்கும் மருந்து முடிந்ததும் அளவு இறங்கியிருக்கும், சில வாரத்தில் மறுபடி ஏறும். பெரியவர்கள் உடம்பில் உள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. அங்கிருந்து ரத்தத்துக்குக் கசிந்து வரும். தம்பி திரும்பவும் அடித்துவிட்டான் என்று அப்போது சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு முதல் நாலு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். கேழ்வரகு, தயிர், முருங்கைக்கீரை நல்லது. சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக இழுக்கும். ஆனால் ஏறிய ஈயத்தைக் கீரை வெளியேற்றாது. விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்குப் போக வைப்பதாலும் பயனில்லை.

போலீஸ் பயத்துக்கு வருவோம். விஷ பாதிப்பு என்றால் அரசு ஆஸ்பத்திரியில் போலீஸுக்குத் தகவல் பதிவது வழக்கம், அதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மிச்சப் பொட்டலத்தைச் சோதனைக்கென்று தூக்கிக்கொண்டு போக வேண்டாம். கையில் இருந்தாலே குற்றம். ரத்தப் பரிசோதனையே போதும். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு ஆளானவர் தாமே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், உபயோகித்ததற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. பழக்கத்தை விட ஆலோசனைக்கு 14446, விஷ முறிவு பற்றி டாக்டரே கேட்க டெல்லி எய்ம்ஸின் 1800 116 117.

தம்பியின் அளவு கூடுதலாக வந்தால் உங்கள் மகளுக்கும் அதே ரத்தப் பரிசோதனை எடுங்கள். விழுங்கிய ஈயத்தில் பாதி வரை குழந்தை உடம்பு உறிஞ்சிவிடும். அவன் புகைத்த அறையை விளக்குமாறால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பட்டறைச் சட்டையை வாசலிலேயே கழற்ற வைத்துத் தனியாகத் துவையுங்கள்.