நாய்க்குட்டிக்கு முதல் பாடம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: போன மாதம் எங்கள் லயத்துக்கு ஒரு நாட்டு நாய்க்குட்டியைக் கொண்டு வந்தோம். இப்போது அதற்கு மூன்று மாதமாகிறது. நான் காலையில் கொழுந்து பறிக்கப் போய்விட்டு மத்தியானம் வருவதற்குள் காம்பராவுக்குள் சிறுநீர் கழித்துவிடுகிறது. என் கணவர் அந்த ஈரத்தில் அதன் மூக்கை அழுத்தி அடிக்கிறார். பிள்ளைகளின் கால்களையும் கடிக்கிறது. அடித்தால்தான் பழகுமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: அடிக்க வேண்டாம், சகோதரி. தான் செய்த காரியத்தையும் அதற்குக் கிடைத்த பலனையும் இரண்டொரு விநாடிக்குள் நடந்தால்தான் நாய் சேர்த்துப் புரிந்துகொள்ளும். எட்டு மணிக்குக் கழித்த சிறுநீருக்குப் பன்னிரண்டு மணிக்கு அடி விழுந்தால், கதவைத் திறந்துகொண்டு வருபவர் அடிப்பார் என்பதை மட்டுமே அது கற்றுக்கொள்கிறது. உங்களைக் கண்டதும் அது வாலை ஒடுக்கிப் பதுங்கினால், தவறை உணர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அது அச்சத்தின் அடையாளம்.

மூன்று மாதக் குட்டியால் பகலில் ஏறக்குறைய மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. ஆகவே நீங்கள் மலைக்குப் போயிருக்கும் வேளையில், வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரோ பக்கத்துக் காம்பராக்காரரோ இடையில் ஒருமுறை அதை வெளியே விடும்படி ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது, தூங்கி எழுந்தவுடனும், சாப்பிட்ட பின்னும், விளையாடி முடித்த பின்னும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போய், அது கழித்து முடித்த அந்தக் கணத்திலேயே, அந்த இடத்திலேயே, பாராட்டி ஒரு துண்டு அவித்த முட்டையைக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்த பரிசாகவே அதற்குத் தோன்றும். நம் மலைநாட்டு மழையில் பல குட்டிகள் ஈரப் புல்லில் காலை வைக்கவே மறுக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் கூடவே நில்லுங்கள், தனியாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்தாதீர்கள். சீமெந்துத் தரையில் வாடை தங்கினால் குட்டி அதே இடத்தைத் தேடி வரும் என்பதால், வினாகிரி கலந்த நீரால் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

கடிப்பதைப் பொறுத்தவரை, நான்காம் மாதமளவில் பாற்பற்கள் விழத் தொடங்கி, ஏழாம் மாதமளவில் நிரந்தரப் பற்கள் முளைத்து முடியும்வரை அதன் ஈறு உறுத்திக்கொண்டேயிருக்கும். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினால் குட்டிக்கு அது விளையாட்டாகிவிடும். அசையாமல் நின்று, முடிச்சுப் போட்ட பழைய சாரத் துண்டொன்றை அதன் வாயில் கொடுக்கச் சொல்லுங்கள். துணியைக் கிழித்து விழுங்காமல் அருகில் ஒருவர் பார்த்துக்கொள்வது அவசியம். பல் பட்டுத் தோல் கிழிந்தால், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். குட்டிக்கு விசர்நோய்த் தடுப்பூசி இன்னும் போடவில்லையென்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்; இதில் மட்டும் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

கேள்வி: என் நாய்க்கு ஒரு வயது. கூப்பிட்டால் வராமல் தேயிலைக்குள் ஓடிவிடுகிறது. வந்தபின் எவ்வளவு ஏசினாலும் திருந்தவில்லை.
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: ஏசுவதுதான் காரணம், ஐயா. அது கடைசியாகச் செய்த காரியம் உங்களிடம் திரும்பி வந்தது. அந்தக் காரியத்துக்குத்தான் ஏச்சு விழுகிறது. எவ்வளவு தாமதமாக வந்தாலும் தடவிக் கொடுங்கள். ஐந்து மீற்றர் நீளக் கயிற்றைக் கழுத்துப்பட்டியில் கட்டி, முதலில் இஸ்தோப்பிலும் பிறகு வாசலிலும், "வா" என்று ஒரேயொரு முறை கூப்பிட்டு, வந்தவுடன் ஒரு வாய் தின்னக் கொடுங்கள். வீட்டில் ஒருவர் "வா" என்றும் மற்றவர் "இங்க ஓடியா" என்றும் சொன்னால் நாய் குழம்பிவிடும். எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடமாக, நாளுக்கு மூன்று தடவை போதும். வெங்காயம் சேர்ந்த கறியை மட்டும் பரிசாகக் கொடுக்காதீர்கள், அது நாய்க்கு நஞ்சு.

கயிறில்லாமல் பத்து முறை கூப்பிட்டுப் பத்து முறையும் வரும்வரை தேயிலைப் பக்கம் அவிழ்த்து விடவேண்டாம். உங்கள் பகுதித் தேயிலை மலைகளில் சிறுத்தைகள் நடமாடுகின்றன, அவை நாய்களைப் பிடிக்கின்றன. ஆகவே பொழுது சாய்ந்ததும் அதை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள், வெளியே கட்டி வைக்காதீர்கள்.